கட்டி சுரக்கும் புளிப்பு



நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி, இரத்தத்தின் வழியே உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் போகிறது. நல்ல உயிரணு பிராணவாயுவின் துணையுடன் அதை முழுமையாக எரித்துச் சக்தி பெறுகிறது. புற்றுநோய் உயிரணுவோ, பிராணவாயு இருக்கும்போதே, சர்க்கரையின் பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக்கிவிடுகிறது. தயிரைப் புளிக்கச் செய்வதும் இதே அமிலந்தான். 1920-களில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதைக் கண்டறிந்தார்.

உடலில் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருளை நொதி என்கிறோம். இந்த அமிலத்தை உண்டாக்கும் நொதியின் பெயர் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ். முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 30 பங்கு சக்தி கிடைக்கும். இந்த வழியிலோ 2 பங்குதான். அதனால் புற்றுநோய் உயிரணு சர்க்கரையை அள்ளி விழுங்குகிறது. வெளியேறும் அமிலமோ, கட்டி பக்கத்துத் தசைக்குள் புக உதவுகிறது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் சோர்வடையச் செய்கிறது.

"அப்படியானால் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகுமே?" என்று சிலர் கேட்கலாம். அது தவறு. உணவு குறைந்தால், கல்லீரல் நம் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்து இரத்தத்தில் விடும். கட்டி பிழைத்துக்கொள்ளும், நோயாளிதான் மெலிந்து, சிகிச்சையைத் தாங்கும் பலத்தை இழப்பார். ஆகவே சோறு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் கொடுப்போம். நீரிழிவு உள்ளவருக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுப்போம்.

இந்த நொதியை அடக்கும் மருந்தை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர். நோய் வராமல் காக்கும் வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிவந்த போதும், வெற்றிலைத் தட்டு நம்மை விட்டுப் போகவில்லை. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடையே அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம், புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985-லும், பாக்கை 2004-லும் புற்றுநோய்க் காரணிகள் என்று அறிவித்தது.

வாயில் வெள்ளைப் படலமோ சிவந்த திட்டோ தெரிந்தால், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வாய் திறப்பது குறைந்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்கப் பல் கிளினிக்குக்குச் சென்று காட்டுவோம். தொடக்கத்தில் கண்டால் சிறு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். பாட்டியின் வாயைப் பேரப்பிள்ளைகள் மாதம் ஒரு முறை விளக்கொளியில் பார்த்துச் சொல்லட்டும்.