வெரியர் எல்வின்: கதையும் படமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஏடறியா மக்களின் வாழ்வைக் கதையாகவும் படமாகவும் பதிந்து வைத்த ஒருவரைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அவர் வெரியர் எல்வின்.

1902இல் இங்கிலாந்தின் டோவர் நகரில் ஓர் ஆயரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, குருப்பட்டம் பெற்று, 1927இல் இந்தியா வந்தார், காந்தியடிகள்பால் ஈர்க்கப்பட்டார். 1932இல் நண்பர் சாம்ராவ் ஹிவாலேயுடன் மத்திய இந்தியாவின் மைக்கால் மலைப்பகுதியில், கரஞ்சியா என்னும் கோண்டுச் சிற்றூரில் குடியேறினார். இருவரும் பள்ளி நடத்தினர், நோயுற்றோர்க்கு மருந்தளித்தனர், தொழுநோயாளர்க்கு இல்லம் கண்டனர். மதமாற்றத்தில் நாட்டம் கொள்ளாத எல்வின், 1935இல் திருச்சபையினின்று விலகினார்.

அங்கியைக் களைந்த பின்னரும் அம்மக்களை அவர் பிரியவில்லை. குறிப்பேடும் புகைப்படக் கருவியும் ஏந்தி ஊர்ஊராக நடந்தார். பைகர் (1939), அகரியர் (1942), முரியர் (1947) ஆகியோரைப் பற்றிய அவர்தம் நூல்களில் கதைகளும் பாடல்களும் படங்களும் நிறைந்துள்ளன.

அவற்றால் விளைந்த பயன் யாது? மரபுவழிப் பைகர் ஏர் பூட்டி உழுததில்லை. நிலம் தாய், அவள் மார்பைக் கலப்பையால் கீறலாகாது என்பது அவர்தம் வழிவழிக் கதை. காட்டை வெட்டி எரித்து, அச்சாம்பலில் விதைப்பதே அவர் முறையாயிருந்தது. அரசு அதனைத் தடுத்தது. கோடரி ஏந்திய பைகரின் படத்தை மட்டும் காணும் அதிகாரி, காட்டை அழிப்பவன் என்பார். கதையையும் அறிந்தவர், தாய்க்கு அஞ்சும் மகன் என்பார். இவ்வாறு கதையும் படமும் இணைந்து ஓர் உரிமை மனுவாயின. கல்லை உருக்கி இரும்பெடுத்த அகரியரின் தொழில், உலை வரியாலும் ஆலை இரும்பாலும் நலிந்ததையும் அவர் எழுதி வைத்தார்.

எல்வின் இந்தியக் குடியுரிமை பெற்றார், 1961இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1964இல் மறைந்தார்.

குறையையும் கூறுதல் நேர்மை. 1940இல் கோசி என்னும் கோண்டுப் பெண்ணை மணந்தார்; அம்மணம் 1949இல் முறிந்தது. எண்ணற்ற முகங்களைப் பதிந்தவர், தம் வாழ்க்கை வரலாற்றில் அப்பெண்மணிக்கு அளித்த இடமோ மிகச் சிறிது. பிறர் நம்மை எழுதுங்கால், அவர் எழுத விரும்பியதே ஏட்டில் ஏறும். எஞ்சியதை நாமே எழுதல் வேண்டும்.

உடன்குடிக் கருப்பட்டியை உலகறியும். பறை முழக்கிய பாட்டனாரையும், பேறுகாலம் பார்த்த பாட்டியாரையும் யார் அறிவார்?

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் ஆளுக்கொரு முதியவரிடம் அமருங்கள். அவர் இசைவுடன் படம் எடுங்கள். உங்கள் கைபேசியே போதும். பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும், அவர் கூறிய கதையை அவர்தம் சொற்களிலேயும் எழுதி, நம் சங்க நூலகத்தில் சேருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் அளித்த எழுத்தறிவுக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.