துபாய்க்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் நம்ம குழு அக்கா ஒருத்தர் மகளின் பிரசவத்துக்காக துபாய் கிளம்பினார். பெட்டி கட்டும்போது நானும் இருந்தேன். பிரசவ மருந்து, வத்தல், கூடவே கால் கிலோ கசகசா! "பிள்ளை பெத்தவளுக்குக் குழம்பு வைக்கணுமே" என்றார். நல்ல வேளை, கண்ணில் பட்டது. நமக்குக் கசகசா மளிகைச் சாமான். அங்கே போதைப்பொருள் கணக்கு. அபினி எடுக்கிற செடியின் விதைதானே அது! தெரியாமல் கொண்டுவந்தேன் என்று சொன்னால் விடமாட்டார்கள். கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாவும் வேண்டாம். வெற்றிலைக்கும் அங்கே தடை, பெட்டியில் வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் "எம் பையன்கிட்ட குடுத்துடுங்க" என்று பார்சல் தருவார்கள். பிரித்துப் பார்க்காமல் வாங்காதீங்க. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, டிரமடால் வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து இதெல்லாம் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

மெட்ரோ ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. தைரியமாக ஏறலாம். ஆனால் உள்ளே சாப்பிட்டால் அபராதம்.

இப்போ முக்கியமான விஷயம். விசிட் விசா 30 நாளுக்கோ 60 நாளுக்கோ தருவார்கள். தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம், நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேலே. "விசிட் விசாவிலே போங்க, அங்கே வீட்டு வேலை வாங்கித் தர்றோம்" என்று ஏஜெண்டுகள் நம்ம கிராமங்களுக்கே வருகிறார்கள். குழுக்கடன் வாங்கி அவர்களிடம் கட்ட இருந்த ஒரு தங்கையை நானே நேரில் பேசித் தடுத்திருக்கிறேன். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டாலும் கேட்க வழியில்லை. பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்குப் போனால் குடிபெயர்வுப் பாதுகாவலர் அனுமதி வேண்டும். அவர்களில் பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த அனுமதிக்குப் பயந்துதான் ஏஜெண்டு விசிட் விசா என்கிறான்.

பாஸ்போர்ட்டை அங்கே யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் குழுத் தலைவியிடம் இருக்கட்டும். அங்கே போலீசுக்கு 999. நம் நாட்டுத் தூதரக உதவி மையத்துக்கு 800 46342, கட்டணமில்லை. கிளம்புகிற அக்காமார் டிக்கெட்டையும் விசாத் தாளையும் ஒரு வாரம் முன்னாலேயே என்னிடம் காட்டுங்க, சேர்ந்து படித்துப் பார்ப்போம்.