இறுகிய இஞ்சின்

வங்காளத்தின் உத்தரபாராவில் உருவாகி நாடெங்கும் ஓடிய அம்பாஸிடர் மோட்டார் வண்டியை அறியாத தமிழர் அரியர். 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும், தகப்பனார் வாங்கிய வண்டி என்ற பாசத்தினால் விற்க மனம் வராமல், வீட்டின் ஓரத்தில் அதனை நிறுத்தி வைத்திருப்போர் நம்மவரில் இன்றும் உண்டு. அவ்வாறு நின்றுபோன வண்டிக்கு நேரும் ஒரு பிணியையும், அதனைத் தீர்க்கும் முறையையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கொல்கத்தாவில் எங்கள் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது; 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இஞ்சின் பூட்டிய மார்க் 2. தந்தையார் மறைந்தபின் ஆறு மழைக்காலங்கள் அது அசையாமல் நின்றது. ஒருநாள் அதனை ஓட்டிப் பார்க்க எண்ணி, முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். இம்மியும் நகரவில்லை. என் தம்பி, "அண்ணா, கியரில் போட்டு லாரியில் கட்டி இழுத்துவிடலாம்" என்றான். நானும் இசைந்துவிட்டேன். நல்லவேளையாக, கயிறு வாங்கப் போன வழியில் மல்லிக் பஜாரில் பழைய இஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரைக் கண்டேன். அங்கே அவரை மிஸ்திரி என்பார்கள். நம் ஊர் மேஸ்திரிக்கு உறவான சொல்தான்.

நான் சொன்னதைக் கேட்ட அவர், பட்டறையின் மூலையில் கிடந்த இரும்புப் பாளம் ஒன்றைக் காட்டினார். அதன் விலாவில் கை நுழையும் அளவு ஓட்டை. "இதுவும் இழுத்துப் பார்த்த இஞ்சின்தான். பிஸ்டன் வரவில்லை, கனெக்டிங் ராடு வளைந்தது, பிறகு உடைந்து சுவரைத் துளைத்தது. பிஸ்டன் இன்றும் கடையில் கிடைக்கும். புதிய பாளம் வார்க்க இன்று எவரும் இல்லை" என்றார். கயிறு வாங்காமலே வீடு திரும்பினேன்.

இஞ்சின் இறுகுவதற்குக் காரணம் என்ன? பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அதனைச் சுற்றியுள்ள வளையங்களும் சிலிண்டரின் சுவரும் வார்ப்பிரும்பு. இஞ்சின் எந்த நிலையில் நின்றாலும், நான்கில் ஏதேனும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். புகைக்குழாய் வழியே ஈரக்காற்று அதனுள் புகும். சுவரில் படிந்திருந்த எண்ணெய் மெல்ல வடிந்துவிட, வளையமும் சுவரும் சேர்ந்து துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வது. ஆதலால், இரண்டுக்கும் நடுவே ஆப்பு அறைந்தாற்போல் இறுகிவிடுகிறது. இதனை வலிமையால் வெல்ல முற்பட்டால், துருவுக்கு முன்னே வேறு உறுப்பு உடைந்துவிடும்.

மறுநாள் மிஸ்திரி வந்தார். முதலில், இறுகியது இஞ்சின்தானா என்று ஆராய்ந்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்தின் பற்களில் சிக்கிக்கொண்டாலும் இஞ்சின் சுழலாது. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தார், குற்றம் அங்கில்லை. பின்னர் பாட்டரியின் இணைப்பை நீக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றினார். "பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது" என்று எச்சரித்தார். தினமும் சிறிது ஊற்றிக் காத்திருப்பதே எங்கள் வேலை.

ஐந்தாம் நாள் முதல், கைப்பிடியை ஒருபுறமாக மட்டுமே அழுத்தாமல், கிராங்கின் முகப்பு நட்டில் நீண்ட ஸ்பானரை மாட்டி, வலமும் இடமுமாக மெல்ல அழுத்தச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்து அழுத்தினால், "ஆஸ்தே, ஆஸ்தே" என்பார். மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள். பத்து நாள் சென்றும் அசைவில்லை.

அதன்பின் சிலிண்டர் தலையைக் கழற்றினோம். நட்டுகளை ஒரே மூச்சில் அவிழ்க்காமல், முறை மாற்றி ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். இல்லையேல் தலை கோணிவிடும். திறந்ததும் உண்மை தெரிந்தது. மூன்று சிலிண்டர்கள் பளபளத்தன. மூன்றாவதில் மட்டும் செம்மண் பூசினாற்போல் துரு. பிஸ்டனுக்கு மேலிருந்த சுவரை நுண்மையான எமரித் தாளால் துடைத்தார். சிலிண்டரின் குறுக்களவு 73 மில்லிமீட்டர். அதற்குச் சற்றுக் குறைவாக உருண்டையாகக் கடைந்த மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டலானார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது தட்டினால், அந்த அடி கிராங்கைச் சுழற்றாது. நேராகத் தாங்கிகளில் இறங்கி அவற்றைக் கெடுக்கும். நடுவழியில் நிற்கும் பிஸ்டனைத் தட்டினால்தான் கிராங்க் சுழல இடமுண்டு. எங்களுடையது, நற்பேறாக, நடுவழியில் நின்றது. கட்டையை நான்கு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வைத்துத் தட்டினார். நான் ஸ்பானரைப் பிடித்திருந்தேன்.

"அசையாவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டேன். "பிஸ்டனை உடைத்து எடுப்பேன்; சுவரைத் தொடமாட்டேன். எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், பாபு" என்றார்.

அன்று மாலை ஸ்பானர் என் கையில் ஒரு நூலளவு நகர்ந்தது. மகிழ்ச்சியில் நான் வலித்துத் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்துப் பின்னோக்கித் திருப்பச் செய்தார். முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல்; நடுவே எண்ணெய். அரைத்த துருவை எண்ணெய் கழுவிச் செல்ல இடம் தராமல் ஒரே திசையில் திருப்பினால், அதுவே மீண்டும் ஆப்பாகும்; சுவரும் கீறிப்போகும். ஒரு மணி நேரத்தில் கிராங்க் முழுச் சுற்றும் சுற்றியது.

வேலை அத்துடன் முடியவில்லை. மூன்றாம் சிலிண்டரின் சுவரில் துரு அரித்த குழிகள் இருந்தன. ஆதலால், நான்கு சிலிண்டர்களையும் சிறிது குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் வளையங்களும் போட நேர்ந்தது. கீழ்த்தொட்டியில் வடிந்திருந்த டீசல் கலந்த எண்ணெயை முற்றும் நீக்கிப் புதியது ஊற்றினோம். செலவு எளிதன்று. எனினும், பாளம் தந்தையார் வாங்கியபோது வந்த அதே பாளம்.

இத்தகைய வண்டியை வைத்திருக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஓடாமல் நிற்கும் இஞ்சினை மாதம் ஒருமுறையேனும் கையால் சுற்றி வையுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால், கயிற்றைத் தேடாதீர்கள், எண்ணெயைத் தேடுங்கள். ஆறு ஆண்டுகள் மெல்ல மெல்ல இறுகியதை அரை மணியில் பிரிக்க நினைப்பது நியாயமன்று.

அம்மாவை அவ்வண்டியில் ஏற்றி ஏரிக்கரை வரை சென்று வந்தோம். வழி நெடுக அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கதவின் கைப்பிடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "சத்தம் மாறவில்லையடா" என்றார்.