வீணாகும் வெப்பமும் வீட்டுக் கணக்கும்

(உரையின் எழுத்து வடிவம்)

இந்திய மின் வரலாற்றில் மைசூருக்குச் சிறப்பான இடம் உண்டு. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே கோலார் தங்க வயலைச் சென்றடைந்தது. 1908-ல் மைசூர் நகரம் மின்னொளி பெற்றது. இன்று நகரின் வடமேற்கில் நான்கு கட்டங்களாகப் பரந்துள்ள விஜயநகர் குடியிருப்பில் மின்சாரம் இல்லாத வீடு இல்லை எனலாம். ஆயினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் மின்சாரம் தட்டுப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு வறட்சியின்போது கர்நாடகம் முழுவதும் இந்த நெருக்கடியைச் சந்தித்தது. அத்தகைய வேளைகளில்தான் கடைகளும் அலுவலகங்களும் கழித்துவிட்ட பழைய டீசல் ஜெனரேட்டர்கள் மீது இல்லத்தாரின் பார்வை விழுகிறது.

பழைய ஜெனரேட்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சற்று மாற்றியமைத்தால் மின்சாரத்தோடு குளிப்பதற்கு வெந்நீரும் பெறலாம் என்று கூறப்படுகிறது. பொறியியல் நோக்கில் இக்கூற்று முற்றிலும் உண்மை. ஆனால் பொறியியலில் உண்மையாக இருப்பது பொருளாதாரத்திலும் உண்மையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு குடும்பம் தன் சேமிப்பைச் செலவிடும் முன் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலின் கதை

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. நல்ல நிலையிலுள்ள சிறிய ஜெனரேட்டர் அதிலிருந்து 2.5 முதல் 3 யூனிட் வரை மின்சாரம் தருகிறது. எஞ்சிய 7 யூனிட்டும் வெப்பமாக வெளியேறுகிறது. இயந்திரத்தைச் சுற்றி ஓடும் குளிர்நீர் ஏறத்தாழ 3 யூனிட்டை எடுத்துச் செல்கிறது. புகைபோக்கி வழியே அதே அளவு போகிறது. மிச்சம் இயந்திரத்தின் மேற்பரப்பிலிருந்து காற்றில் கலக்கிறது. மின்சாரத்துக்காக வாங்கிய எரிபொருளில் பெரும்பகுதி சுற்றுப்புறத்தைச் சூடாக்கவே செலவாகிறது.

இந்த வெப்பத்தை மீட்கும் முறை எளியது. ரேடியேட்டருக்குச் செல்லும் வெந்நீரை ஒரு வெப்பப் பரிமாற்றியின் வழியே செலுத்த வேண்டும். பரிமாற்றியின் மறுபுறம் வீட்டுத் தண்ணீர் ஓடும். இரண்டு நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெப்பம் மட்டுமே கைமாறுகிறது. புகைபோக்கியில் இன்னொரு பரிமாற்றியைப் பொருத்தினால் அங்கிருந்தும் ஒரு பகுதியை மீட்கலாம். முழுச் சுமையில் புகையின் வெப்பம் 400 டிகிரிக்கு மேற்பட்டதாயினும் அது முழுவதையும் எடுத்துவிட இயலாது. புகையை மிகவும் குளிரவைத்தால் ஈரம் படிந்து குழாய் அரிக்கும். வழியைக் குறுக்கினால் இயந்திரம் மூச்சுத் திணறும். ஆகவே ஒரு லிட்டருக்கு 4 யூனிட் வெப்பம் மீளும் என்று கொள்வதே நியாயமான மதிப்பீடு. நம் நாட்டில் விற்கப்படும் சிறு ஜெனரேட்டர்களில் பல காற்றினால் குளிரூட்டப்படுபவை என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். அவற்றில் குளிர்நீர்ச் சுற்றே கிடையாது. புகைபோக்கியின் வெப்பம் ஒன்றே மிஞ்சும்.

விஜயநகர் வீட்டின் கணக்கு

விஜயநகரில் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மைசூரில் அறைகளைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை. குளியலுக்கு வெந்நீர் வேண்டும், அவ்வளவே. ஒருவருக்கு 40 லிட்டர் வீதம் 160 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 4 யூனிட் வெப்பம் போதும். அதாவது ஒரே ஒரு லிட்டர் டீசல் எரியும்போது மீளும் வெப்பத்திலேயே குடும்பம் முழுவதும் குளித்துவிடலாம். அதற்கு மேல் இயந்திரம் ஓடினால் வெப்பத்தைப் பெற்றுக்கொள்வார் அவ்வீட்டில் இல்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். டீசல் லிட்டர் 90 ரூபாய் எனவும், ஒரு லிட்டருக்கு 2.7 யூனிட் மின்சாரம் எனவும் கொண்டால், ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் 33 ரூபாய் ஆகிறது. மீட்ட 4 யூனிட் வெப்பத்தையும் முழுவதுமாகப் பயன்படுத்தி, கெய்சரில் செலவாகியிருக்கும் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் வீதம் கழித்தால் 28 ரூபாய் மிச்சமாகும். அப்போதும் ஒரு யூனிட் மின்சாரம் 23 ரூபாய்க்குக் குறையாது. மின் கழகம் வழங்கும் மின்சாரத்தைப்போல் இது மூன்று மடங்கு. 2023 முதல் கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டத்தில் கட்டணமின்றி மின்சாரம் பெறும் இல்லங்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

பழைய இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்ற வாதம் இக்கணக்கை மாற்றுவதில்லை. ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் புதிதாக டீசல் வாங்கியாக வேண்டும். ஏற்கெனவே கொடுத்த விலையை ஈடுசெய்யும் எண்ணத்தில் இயந்திரத்தை மேலும் ஓட்டினால் இழப்பு வளரும். பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கு மீளாச் செலவு என்ற கோட்பாட்டை விளக்க இதைவிட எளிய உதாரணம் தேவையில்லை.

மற்றொரு பொருத்தமின்மையும் உண்டு. வீட்டின் மின் தேவை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பரவியுள்ளது. 10 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டரை இரண்டு விளக்குகளுக்கும் ஒரு மின்விசிறிக்குமாக ஓட்டினால், சுமை போதாமல் டீசல் முழுமையாக எரிவதில்லை. கரி படிந்து இயந்திரம் கெடுகிறது. வெப்பமும் போதிய அளவு கிடைப்பதில்லை.

வெளிநாட்டு அனுபவம்

அவ்வாறாயின் பிற நாடுகளில் இம்முறை எவ்வாறு வெற்றி பெற்றது? இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1970-களில் தன் சிறிய கார் ஒன்றின் இயந்திரத்தைக் கொண்டே டோட்டெம் என்னும் சாதனத்தை உருவாக்கியது. அது 15 கிலோவாட் மின்சாரத்தையும், அதைப்போல் இருமடங்குக்கு மேல் வெப்பத்தையும் அளித்தது. ஜப்பானில் 2003-ல் தனி வீடுகளுக்கென ஒரு கிலோவாட் அளவிலான சாதனம் விற்பனைக்கு வந்தது. இரண்டுமே எரிவாயுவில் இயங்கியவை. குளிர்காலத்தில் வீடு முழுவதையும் பல மாதங்கள் சூடாக வைத்திருக்க வேண்டிய நாடுகளில் அவை பயன்பட்டன. அங்கே வெப்பமே முதற்பொருள், மின்சாரம் துணைப்பொருள். மைசூரின் மிதமான தட்பவெப்பம் அந்த உறவைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது.

நம் நாட்டிலும் வெப்பத்துக்கு நிலையான தேவை உள்ள இடத்தில் இணை மின் உற்பத்தி செழித்துள்ளது. கரும்புச் சாற்றைக் காய்ச்ச நீராவி தேவைப்படும் சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் சேர்த்தே பெறுகின்றன. வெப்பம் பிறக்கும் நேரத்திலேயே அதைப் பெறுவோரும் அருகில் இருக்கிறார்கள். இம்முறையின் வெற்றிக்கு இதுவே அடிப்படை நிபந்தனை.

எங்கே பயன்படும்?

இந்நிபந்தனையை நகரத்தில் நிறைவு செய்யக்கூடியவை மாணவர் விடுதிகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள் போன்றவை. மின்தடையின்போது அவை எப்படியும் ஜெனரேட்டரை ஓட்டியே தீர வேண்டும். நூறு மாணவர் தங்கும் விடுதிக்கு மேற்சொன்ன அளவில் நாளொன்றுக்கு 90 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. அங்கே 30 கிலோவாட் சுமையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் சுமார் 20 லிட்டர் டீசல் செலவாகி, 80 யூனிட் வெப்பம் மீளும். வெப்பம் கசியாத தொட்டியில் அதைச் சேமித்தால் மறுநாள் காலை வரை பயன்படும். யூனிட் 7 ரூபாய் வீதம் ஒரு நாளில் 560 ரூபாய் மிச்சம். முன்பு காற்றில் போன பொருளுக்கு இவ்வளவு மதிப்பு கிடைக்கிறது. ஆனால் இங்கும் வெந்நீருக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது தவறு. ஓடுகின்ற ஜெனரேட்டரிலிருந்து வெந்நீர் எடுப்பதே முறை.

எரிபொருளையே மாற்றுவது இன்னொரு வழி. இதற்குக் கர்நாடகமே முன்னோடி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அமூல்ய ரெட்டியின் முயற்சியால் 1974-ல் அஸ்திரா என்னும் கிராமியத் தொழில்நுட்ப மையம் உருவாயிற்று. தும்கூர் மாவட்டம் குனிகல் வட்டத்தின் புரா கிராமத்தில் 1987 முதல் சமூகச் சாண எரிவாயுக் கலத்தின் வாயுவைக் கொண்டு டீசல் ஜெனரேட்டர் இயக்கப்பட்டது. அதன் மின்சாரம் குடிநீரை இறைத்தது. வீடுகளுக்கு ஒளி தந்தது. அதே வட்டத்தின் ஹொசஹள்ளியில் 1988-ல் 5 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் ஒன்று விறகிலிருந்து பெறும் வாயுவோடு இணைக்கப்பட்டது. இத்தகைய இரட்டை எரிபொருள் முறையில் வாயு காற்றோடு கலந்து உள்ளே செல்கிறது. சிறிதளவு டீசல் பீய்ச்சப்பட்டு அதைப் பற்றவைக்கிறது. டீசல் செலவு பெருமளவு குறைகிறது. விறகை உலர்த்தப் புகைபோக்கியின் வெப்பத்தைப் பயன்படுத்தலாம் என்பதால் வீண் வெப்பத்துக்கும் வேலை கிடைக்கிறது. தண்ணீர், விளக்கு என்று தேவையை முதலில் வகுத்து, பிறகு அதற்கேற்ற இயந்திரத்தைத் தேர்ந்தது இம்முயற்சிகளின் சிறப்பு.

உயிர் காக்கும் விதிகள்

செலவுக் கணக்கைவிட முக்கியமானது பாதுகாப்பு. டீசல் புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டு. வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசையில் இயந்திரத்தையோ புகைக்குழாயையோ குளியலறைக்கு அருகில் அமைத்தால் அது உயிருக்கு உலை வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. ஜெனரேட்டரின் உறைக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஒலி 75 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது மத்திய அரசின் விதி. பழைய இயந்திரங்களில் பல இதை நிறைவு செய்வதில்லை. நெருங்கிய வீடுகள் கொண்ட விஜயநகரில் அண்டை வீட்டாரின் உறக்கமும் இக்கணக்கில் சேரும்.

மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பில் கோப்பது அனைத்திலும் கொடிய தவறு. வீட்டிலிருந்து திரும்பிச் செல்லும் மின்சாரம், தெருவிலுள்ள மின்மாற்றியின் மறுபுறத்தில் 11,000 வோல்ட் அழுத்தமாக உயர்ந்து நிற்கும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் அந்த ஒரு சுவிட்சைப் பொறுத்தது.

முடிவுரை

தனி இல்லத்துக்கு ஏற்ற வழி வேறு. வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கலம் போதும். மின்தடைக்குப் பாட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் உள்ளது. கூரைச் சூரிய மின் தகடுகளுக்கு 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய இல்லத் திட்டத்தின் கீழ் 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் கிடைக்கிறது. இவற்றுக்குச் செல்ல வேண்டிய சேமிப்பைப் பழைய ஜெனரேட்டரில் முடக்குவது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் இழப்பே. டீசலாக மாறும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுகிறது.

விடுதிகளையும் மருத்துவமனைகளையும் நிர்வகிக்கும் அலுவலர்கள் தங்கள் ஜெனரேட்டர் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வெந்நீருக்கு எவ்வளவு செலவாகிறது என்ற இரு விவரங்களையும் ஒரே ஏட்டில் குறித்துவைப்பது நல்ல தொடக்கமாகும். அவ்விரண்டும் இணையும் இடத்தில் வெப்பத்தை மீட்கும் கருவி தன் விலையைத் தானே ஈட்டித் தரும். இணையாத இடத்தில் எத்தனை திறமையான மாற்றமும் வீண் செலவாகவே முடியும். சிக்கனம் என்பது வீணாவதைப் பிடித்து வைப்பது மட்டுமன்று; பிடித்ததற்கு ஒரு பயன் உண்டா என்று முன்கூட்டியே கேட்பதும் ஆகும்.