யாரோடு ஒப்பிட்டீர்கள்?



இன்று பட்டம் பெறும் இளம் அறிவியலாளர்களே, உங்களில் பலர் விரைவில் மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படுவீர்கள். அப்படிப் போனவர்களைத் திரும்ப அழைக்கும் முயற்சி நமக்குப் புதிதல்ல. வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்குத் தற்காலிக இடம் தர, இந்தியாவில் 1958இலேயே ‘சயின்டிஸ்ட்ஸ் பூல்’ திட்டம் வந்தது. பிற்பாடு ராமானுஜன், ராமலிங்கசுவாமி பெயர்களில் ஐந்தாண்டு நல்கைகள் வந்தன. இவற்றால் என்ன பலன் என்று கேட்டால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கையே முதலில் எடுத்து நீட்டுகிறோம். தலைகளை எண்ணுவது மதிப்பீடு ஆகாது.

சீனாவும் இதே நோக்கத்தோடு 2008இல் ‘ஆயிரம் திறமையாளர் திட்டம்’ தொடங்கியது. பின்னர் இளையவர்களுக்கெனத் தனிப் பிரிவும் அமைத்தது. அந்தப் பிரிவை எடைபோட்ட ஆய்வு ஒன்று 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. திரும்பியவர்கள் திறமைசாலிகள்தாம், ஆனால் ஒரு குழுவாகப் பார்த்தால் உச்ச வரிசைக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள். அவர்களே நாடு திரும்பிய பிறகு, வெளிநாட்டில் தங்கிவிட்ட சகாக்களைவிடக் கூடுதலான கட்டுரைகள் வெளியிட்டார்கள். குறிப்பாக, ஆய்வை வழிநடத்தியவரின் பெயர் கடைசியில் வருமே, அந்த வகைக் கட்டுரைகள் பெருகின. கூடுதல் நிதியும் பெரிய ஆய்வுக்குழுவுமே முக்கியக் காரணம் என்றது ஆய்வு.

அப்படியானால் பலன் தந்தது ஆள் திரும்பியதா, அவர் கைக்கு வந்த பணமா? அதே பணத்தை, ஊரைவிட்டே போகாத ஒருவரிடம் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நம் நல்கைகளைப் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் நல்கை பெற்றவருக்கு நிரந்தரப் பணி கிடைத்ததா? அவரிடம் பயின்ற மாணவர்கள் என்ன ஆனார்கள்? விண்ணப்பித்தும் தேர்வாகாதவர்களின் விவரங்களைத் திட்டம் தொடங்கும் நாளிலிருந்தே பாதுகாத்தால்தான் ஒப்பிட ஆள் இருக்கும். பத்தாண்டு கழித்துத் தேடினால் அகப்படாது.

போகிறவர்களே, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கேயே தங்கிவிட்டாலும் குற்றமில்லை. இங்கேயே இருப்பவர்களே, போகாததால் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். நாளை உங்களில் சிலர் நிதி ஒதுக்கும் குழுக்களில் அமர்வீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடுமுன், ‘யாரோடு ஒப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.