அடித்தால் பிள்ளை திருந்துமா?

(ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியது)



சங்கக் கூட்டம் என்றால் கூலி, போனஸ், வேலைப்பளு என்றுதான் பேசுவோம். இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது வீட்டு விஷயம், இதற்கு ஒரு கூட்டமா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். பிள்ளை வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அது வீட்டு விஷயம். வாசற்படியைத் தாண்டிவிட்டால் தெருவின் விஷயம், ஊரின் விஷயம். நாம் ஷிப்டில் நிற்கும்போது நம் பிள்ளை எங்கே நிற்கிறது? பதில் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. அவரவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

நம்மிடம் உள்ள வழக்கம் என்ன? பகலெல்லாம் பிள்ளையைப் பற்றி விசாரிப்பதில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க பையன் ரயில் பாதை ஓரத்திலே காசு வச்சுச் சீட்டாடினான்" என்கிறார். உடனே அவர் கண்முன்னாலேயே பையனை இழுத்துப் போட்டு அடிக்கிறோம். இல்லாவிட்டால், "என் பிள்ளையைச் சொல்ல நீ யார்?" என்று அவரோடு சண்டைக்குப் போகிறோம். அடித்தால் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. சண்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த தடவை கண்டும் காணாமல் போகக் கற்றுக்கொள்கிறார். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

புத்தகத்தில் படித்ததை நான் சொல்லவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் கூலிக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விடுவார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் பையன்களைப் பிடிக்க முடியாது. மதகின்மேல் ஏறித் தலைகீழாகக் குதிப்போம். ஒரு நாள் அப்பா பார்த்துவிட்டார். பூவரசங்குச்சியை ஒடித்து, கால் வீங்க அடித்தார். "இனிமே வாய்க்கால் பக்கம் போனா தோலை உரிச்சுடுவேன்" என்றார். ஏன் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு போகாமல் இருந்தேனா? இல்லை. அப்பா எந்த வயலில் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு போனேன். அந்த அடி எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, என்னோடு குதித்த சிநேகிதன் மதகடிச் சுழலில் மாட்டிக்கொண்டான். இரண்டு தடவை தலை மேலே வந்தது, உள்ளே போனது. கூப்பிடு தூரத்தில் பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவும் அங்கே இருந்தார். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். நான் சத்தம் போடவில்லை, தோழர்களே! சத்தம் போட்டால் நான் அங்கே இருந்தது தெரிந்துவிடும், அடி விழும். ஓடிப்போய் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வாத்து மேய்க்க வந்த ஒரு பெரியவர் தற்செயலாகப் பார்த்து, குதித்து, அவனை இழுத்துக் கரையில் போட்டார். அவன் பிழைத்தான். அந்தப் பெரியவர் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால்? எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அன்று இரவு அப்பா மறுபடியும் குச்சியை எடுத்தார். தாத்தா குறுக்கே வந்து நின்றார். மேல்துண்டை எடுத்துவிட்டு முதுகைக் காட்டினார். சாட்டைத் தழும்பு! தாத்தா வாலிபத்தில் பண்ணையாளாக இருந்தவர். அந்நாளில் தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாளுக்கு என்ன தண்டனை என்று உங்களில் பலருக்குத் தெரியும். சாட்டையால் அடிப்பார்கள், சாணிப்பாலைக் குடிக்க வைப்பார்கள். 1943-ல் பி. சீனிவாசராவ் அங்கே வந்தார், சங்கம் வளர்ந்தது. 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்றது. போராடி வாங்கிய ஒப்பந்தம் அது.

தாத்தா அப்பாவிடம் சொன்னார்: "மிராசுதார் என்ன சொல்லி என்னை அடிச்சான் தெரியுமாடா? 'அடிச்சாத்தான் இவன் படிவான்'னு சொல்லித்தான் அடிச்சான். அவன் எதிரே நின்னப்போ குனிஞ்சேன். முதுகைத் திருப்பினதும் நிமிர்ந்தேன். உன் பிள்ளையும் அதைத்தானே செஞ்சிருக்கான்?"

அப்பா குச்சியைக் கீழே போட்டார். மறுநாள் காலையில் என்னை வாய்க்காலுக்கு அழைத்துப் போனார். காய்ந்த தென்னை மட்டை ஒன்றை மதகருகே போட்டார். சுழல் அதைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்தது. "இதுக்காகத்தான் வேணாம்னேன்" என்றார். பிறகு படித்துறையைக் காட்டி, "இங்கே குளி. தனியா வராதே. வந்தா அம்மாகிட்டே சொல்லிட்டு வா" என்றார். அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் மீறவில்லை.

"அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. கட்டுப்பாடு வேண்டும். நம் சங்கத்தில் கட்டுப்பாடு இல்லையா? வேலைநிறுத்த நாளில் ஒருவரும் கேட்டுக்குள் போவதில்லை. சாட்டையை வைத்தா நிறுத்துகிறோம்? கூடிப் பேசினோம், காரணம் தெரியும், அதனால் நிற்கிறோம். பிள்ளைக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். பந்தடித்துப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தானா? அந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அவனே மன்னிப்புக் கேட்கட்டும். ஓடு மாற்றும்போது ஏணியைப் பிடிக்கட்டும். அதுதான் தண்டனை. 'அடியாத மாடு படியாது' என்பது மாட்டுக்குச் சொன்ன பழமொழி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சுவீடன் நாடு 1979-லேயே பெற்றோரும் அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. ஆசிரியர் அடித்தால் நியாயம் கேட்கப் போகிறோமே, நம் கையில் குச்சி இருந்தால் யார் கேட்பது?

"இருவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளையை எப்படிப் பார்ப்பது?" இது உண்மையான கஷ்டம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவே, பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 50 பெண்களுக்கு மேல் இருந்தால் என்று இருந்ததை 1976-ல் 30 என்று குறைத்தார்கள். ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, பள்ளி விட்டபின் பார்ப்பது யார்? நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான் சொல்லும் யோசனை இதுதான். முதல் ஷிப்டு முடிந்து வருகிறவர்களில் தெருவுக்கு இருவர், முறை வைத்துச் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கட்டும். சங்கப் படிப்பகத்தை நாலு மணிக்கே திறந்துவைப்போம். அடுத்த வீட்டுக்காரர் நம் பிள்ளையைப் பற்றிச் சொன்னால், முதலில் நன்றி சொல்லுவோம். பிறகு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்போம்.

பெண் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு, பையனைக் கேள்வி இல்லாமல் திரிய விடுவதும் கண்காணிப்பு ஆகாது. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய்? இந்த மூன்று கேள்வியும் இருவருக்கும் பொது. இப்போது பிள்ளை கையில் இருக்கும் செல்போனும் ஒரு தெருதான். பிள்ளை வீட்டு மூலையில் உட்கார்ந்தபடியே வெளியே போய்விடுகிறது. அதற்கும் இதே மூன்று கேள்விதான்.

தோழர்களே! நம் பிள்ளைகள் தவறு செய்வார்கள். நாமும் செய்தோம். தவறு நடந்த அன்று பிள்ளை யாரிடம் முதலில் ஓடிவர வேண்டும்? நம்மிடம். வைக்கோல் போருக்குப் பின்னால் அல்ல. எந்தத் தெருவுக்கு யார் முறை என்பதை இந்தக் கூட்டத்திலேயே எழுதி முடித்துவிட்டுக் கலைவோம்.