தெருமுனையில் நிறுத்திய வண்டி

(மருத்துவமனை நன்கொடையாளர் கூடுகையில் எங்கள் ஊழியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



"குஷ்டரோகம்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காணிக்கை கேட்கிறீர்கள்?" என்று எங்களைப் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம். அதற்குமுன், எங்களுக்கு முன்னே இந்தப் பாதையில் நடந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை உண்டானது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர்கள் அதை நடத்தினார்கள். 1930-களின் நடுவில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதன் பொறுப்பை ஏற்றார். இவர் 1899-ல் சீனாவில், ஒரு மருத்துவ மிஷனரியின் மகனாகப் பிறந்தவர். அந்நாட்களில் இந்த நோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான். அதை ஊசியாகப் போடுவார்கள். வலி அதிகம், பலன் குறைவு. நோயாளிகள் வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கினார்கள். அவர்களுக்கு ஊர் என்றும் உறவு என்றும் இருந்தது அந்த வளாகம்தான். எனவே மிஷனரிமார் வைத்தியம் பார்த்ததோடு நிற்கவில்லை. பஞ்சாயத்தாரும் அவர்களே, பிள்ளைகளுக்குப் பெரியப்பா பெரியம்மாவும் அவர்களே.

1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் மருந்து பலன் தருவது தெரியவந்தது. அது விலை கூடியது, நரம்பு ஊசியாகவே போடவேண்டும். நம் நாட்டு ஏழைக்கு அது எட்டாது. விலை மலிவான டாப்சோன் மருந்தை 1940-களின் பிற்பகுதியில் நம் ஜனங்களுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் காக்ரேனும் ஒருவர்.

1947-ல் வேலூரிலிருந்து ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவரைச் செங்கல்பட்டுக்கு வரும்படி அவர் அழைத்தார். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். வளாகத்தைச் சுற்றி வருகையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு வாலிபனின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, பலங்கொண்டமட்டும் அழுத்தச் சொன்னார். பலம் இருக்காது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தப் பிடியில் அவர் கையே வலித்துப்போனது. அப்படியானால் கை முழுதும் செத்துவிடவில்லை, நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அங்கேயே கண்டுகொண்டார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சை அவர் கைகளில் வேலூரில் வளர்ந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதையும் அவர் உலகுக்குக் காட்டினார்.

1955-ல் இந்திய அரசு திருமணி மருத்துவமனையை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. கடல்கடந்து வந்தவர்களின் காலம் முடிந்தது. இன்று இந்த வேலையைச் செய்கிற நாங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்.

எங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்கிறீர்கள். காலை ஜெபம் முடிந்ததும் கால் பராமரிப்பு. உணர்ச்சியற்ற பாதங்களை வாளித் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவி, புண்ணுக்குக் கட்டுப்போடுவோம். எம்.சி.ஆர். செருப்பின் வார் பிய்ந்திருந்தால் தைத்துக் கொடுப்போம். இதில் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. ஒரு நாள் தவறினால் புண் ஆழமாகும், அவ்வளவுதான். ஒரு பாட்டியம்மா, "இத்தனை வருஷத்துல என் காலைத் தொட்டது நீங்கதான் தாயி" என்று எங்கள் நர்ஸிடம் சொன்னார். அவருக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள் கடற்கரைப் பக்கம் போவோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சவுக்குத் தோப்புகளைத் தாண்டியதும் உளிச்சத்தம் கேட்கத் தொடங்கும். அங்கே சிற்பக்கூடங்களில் வேலை செய்வோரையும், மீனவக் குப்பங்களில் இருப்போரையும் பார்த்துவருவோம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபின் நிவாரண வேலைக்காக அந்தக் குப்பங்களுக்குள் போனோம். அன்றுமுதல் அங்குள்ள தாய்மார் எங்களை நம்புகிறார்கள்.

அன்பானவர்களே, இப்போது எங்கள் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்பத் தொழிலாளி எங்களிடம் வந்தார். வயது முப்பதுக்குள். முதுகில் உணர்ச்சியற்ற தேமல், இடது கைச் சுண்டுவிரலில் மதமதப்பு. முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பு தடித்திருந்தது. நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் மருந்து கொடுத்தால் கையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்புண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கி, நரம்புக்கும் மருந்து கொடுத்தோம். இரண்டாம் மாதம் அவர் வரவில்லை. நாங்கள் கவலைப்பட்டோம். மருத்துவமனையின் பெயர் பெரிதாக எழுதிய வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம். அக்கறையோடுதான் செய்தோம். தெருவே கூடிவிட்டது. அந்த வாரமே அவர் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் தட்டிப்போனது. அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தார். அதற்குள் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிவிட்டன. உளியை இறுகப் பிடிக்க முடியவில்லை. "அன்னிக்கு வாசல்ல வண்டியை நிறுத்தாம இருந்திருந்தா நான் அப்பவே வந்திருப்பேன் சார்" என்றார். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

குஷ்டரோகியை ஆண்டவர் கைநீட்டித் தொட்ட சம்பவத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அதே மனுஷனிடம், இதை யாருக்கும் சொல்லாதபடி பார்த்துக்கொள் என்று அவர் கண்டிப்பாய்ச் சொல்லி அனுப்பியதை நாங்கள் கவனிக்கவில்லை. தொடுவதற்குக் கற்றிருந்தோம், ஒருவருடைய மானத்தை மூடிக்காக்கக் கற்றிருக்கவில்லை.

அதுமுதல் வண்டியைத் தெருமுனைக்கும் அப்பால் நிறுத்திவிட்டு நடந்து போகிறோம். குஷ்டரோக முகாம் என்று பலகை வைப்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், தோல் எல்லாவற்றையும் ஒரே முகாமில் பார்க்கிறோம். க்ளோபாசிமின் மாத்திரையால் தோல் கறுக்கும், ரிபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டாரிடம் பேச நோயாளி அனுமதித்தால், இது பரம்பரை வியாதியல்ல, மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் தன்மை நீங்கிவிடும் என்று விளக்குகிறோம்.

அந்தத் தம்பிக்கு நாண் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு, பிறகு பல வாரம் பயிற்சி. தேவகிருபையால் விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை, அதை எந்த அறுவையும் கொண்டுவராது. இன்று உளியின்மேல் தடித்த ரப்பர் சுற்றி, கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறார். பெரிய சிலைகளை விட்டுவிட்டார். சிறிய விளக்குகளும் யானைகளும் செய்கிறார். தங்கைக்கு வேறிடத்தில் திருமணமும் ஆயிற்று.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோய் ஒழிப்பு இலக்கை அடைந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம், நோயே இல்லை என்பதல்ல. 2023-ல் உலகெங்கும் சுமார் 1,82,000 புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் 1,07,000-க்கும் மேற்பட்டவர்கள் நம் நாட்டினர். 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இடமளித்த சட்டப்பிரிவுகள் 2019-ல்தான் நீங்கின. சட்டம் மாறிவிட்டது. எங்கள் தெருக்களில் மனது மாற இன்னும் காலம் ஆகும்.

மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். அதற்காக நாங்கள் காணிக்கை கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு வேலைக்குப் போக முடியாத வாரங்களில் அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும். செருப்புக்கு ரப்பர் வேண்டும். முகாமுக்கு டீசல் வேண்டும். பிள்ளைகள் கைவிட்ட முதியோருக்கு மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். உங்கள் காணிக்கை போவது இவற்றுக்கே.

எங்களுக்காக ஜெபியுங்கள்:

1. தேமலை மறைத்துக்கொண்டு பயத்தோடிருப்பவர்கள், ஆறு மாதம் கடக்குமுன் வெளியே வரும்படியாக.

2. எங்களிடம் தங்கியிருக்கும் முதியோரின் பிள்ளைகள் ஒருமுறையாவது அவர்களைப் பார்க்க வரும்படியாக.

3. நன்மை செய்கிறோம் என்ற நினைப்பில் இனி ஒருவரையும் நாங்கள் வெட்கப்படுத்தாதபடியாக.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.